கடலில் ஒரு பயிர்க் கணக்கர்: மீன்பிடிப் படகில் உயிரின நோக்கர் பணி

நெல் அறுவடைக் காலத்தில் வயலுக்குக் கயிறும் தராசுமாக வரும் ஊழியரை விவசாயிகள் அறிவார்கள். ஊரில் உள்ள வயல் முழுவதையும் அவர் அறுத்துப் பார்ப்பதில்லை. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சில வயல்களில் 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்துக்குக் கயிறு பிடித்து, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறார். அந்தச் சிறு சதுரத்து நெல்லைக் கொண்டே ஊரின் விளைச்சல் கணக்கிடப்படுகிறது. பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் அந்தக் கணக்கைப் பொறுத்தே அமைகிறது. பச்சென்று நிற்கும் வயலாகப் பார்த்துக் கயிறு பிடித்தால், காய்ந்துபோன வயலுக்குரியவர் கையில் ஒன்றும் வராது. வானம் பார்த்த பூமியான இராமநாதபுரம் மாவட்டத்து விவசாயிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கடலிலும் இதே போன்ற ஒரு வேலை இருக்கிறது. மீன்பிடிக் கப்பலில் மீனவர்களோடு ஏறிச் சென்று, வலையிலும் தூண்டிலிலும் மீனுடன் சேர்ந்து ஆமை, ஓங்கில், கடற்பறவை, கடற்பசு முதலியவை சிக்குகின்றனவா என்று பார்த்து எழுதுவதே அந்த வேலை. இதைச் செய்பவரை 'உயிரின நோக்கர்' எனலாம். மண்டபம், தேவிபட்டினம், தொண்டி, வாலிநோக்கம் பக்கத்து ஊர்களில் அண்ணன் மிளகாய்க் கொல்லையிலும் தம்பி வல்லத்திலுமாகப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. நிலத்தில் எடுக்கும் கணக்கைப் போலவே கடலில் எடுக்கும் கணக்கும் இக்குடும்பங்களின் வருமானத்தைத் தொடுகிறது.

கப்பலில் செய்யும் வேலை

அலாஸ்காவை ஒட்டிய வட பசிபிக் கடலிலே, அயல்நாட்டுக் கப்பல்களில் நோக்கர்களை ஏற்றும் வழக்கம் 1973இல் தொடங்கிற்று. இன்று பசிபிக் தீவுகளைச் சுற்றிச் சூரை பிடிக்கும் கப்பல்களிலும், தென் துருவக் கடலில் மீன்பிடிக்கும் கப்பல்களிலும் நோக்கர்கள் செல்கிறார்கள். ஏறினால் சில வாரம், சில சமயம் சில மாதம் கரையைக் காண முடியாது.

நோக்கர் கப்பலின் கூலியாள் அல்லர், காவல்காரரும் அல்லர். வலை ஏறும் நேரம் நடுநிசியானாலும் அவர் தளத்தில் நிற்க வேண்டும். தேதி, நேரம், இடம், ஆழம், வலையின் வகை, கண்ணியின் அளவு, வலை எத்தனை மணி நேரம் நீரில் கிடந்தது என்பவற்றை முதலில் எழுதுகிறார். பிறகு பிடிபட்டதில் சில கூடைகளை மாதிரியாக எடுத்து, இனம் பிரித்து, நீளமும் எடையும் குறிக்கிறார். மீனின் வயதை அறியச் செவிக்கல்லையும் எடுத்து வைப்பதுண்டு. ஆமையோ பறவையோ பாலூட்டியோ சிக்கியிருந்தால் அதன் இனம், அளவு, உயிருடன் இருந்ததா, காயம் எங்கே, எப்படி விடுவிக்கப்பட்டது என்பதெல்லாம் தனிப் படிவத்தில் ஏறும்.

ஒன்றும் சிக்காத நாளில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதுவதும் அவர் கடமையே. இனக்கவர்ச்சிப் பொறி வைத்துள்ள விவசாயி, அந்துப்பூச்சி விழுந்த நாளை மட்டும் குறித்துக்கொண்டு, விழாத நாளை விட்டுவிட்டால் பூச்சி பெருகுகிறதா குறைகிறதா என்று எப்படி அறிவார்? அதைப் போன்றதுதான் இதுவும்.

எழுதியதால் விளைந்த பயன்

கிழக்குப் பசிபிக் கடலில் சூரை மீன் கூட்டத்துக்கு மேலே ஓங்கில்கள் நீந்தும். ஓங்கிலைக் கண்ட இடத்தில் சுற்றுவலையை வளைத்தால் சூரை கிடைக்கும். கூடவே ஓங்கில்களும் மாளும். 1986ஆம் ஆண்டில் மட்டும் இவ்விதம் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஓங்கில்கள் மடிந்தன. வலையின் ஒரு பக்கத்தைத் தாழ்த்தி ஓங்கிலை வெளியேற்றும் முறையை மீனவர்களே கண்டிருந்தார்கள். ஆனால், அதை எல்லாக் கப்பல்களும் செய்தனவா என்பதற்குச் சாட்சி இல்லை. 1992 உடன்பாட்டுக்குப் பிறகு பெரிய கப்பல் ஒவ்வொன்றிலும் நோக்கர் ஏறினார். கப்பல் வாரியாகச் சாவுக் கணக்கு எழுதப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே மொத்தச் சாவு 5,000க்குக் கீழே இறங்கிவிட்டது. சூரை பிடிப்பது நின்றுவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, விவசாயிகளுக்கு இன்னும் எளிதில் விளங்கும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த நைஜல் பிரதர்ஸ் என்பார் 1988இல் ஜப்பானியத் தூண்டில் கப்பல்களில் நோக்கராகச் சென்றார. மைல் கணக்கில் நீளும் கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில்கள் இரையோடு நீரில் இறங்கும்போது, அல்பட்ராஸ் எனும் பெரிய கடற்பறவைகள் பாய்ந்து இரையைக் கவ்வுகின்றன. தூண்டிலோடு மூழ்கிச் சாகின்றன. தென் கடலில் ஆண்டுக்கு 44,000 அல்பட்ராஸ் இவ்வாறு மடிவதாக அவர் 1991இல் வெளியிட்ட கணக்கு உலகைத் திடுக்கிட வைத்தது. ஆனால், அவர் பறவையை மட்டும் எண்ணவில்லை. பறவைகள் தின்றுபோன இரையையும் எண்ணினார். இரை போன தூண்டிலில் மீன் விழாது அல்லவா? பறவைச் சாவு மீனவருக்கும் நட்டமே என்று அதனால் காட்ட முடிந்தது. இதற்குக் கையாளப்படும் பரிகாரம், கப்பலின் பின்புறம் உயரக் கட்டிய கயிற்றில் வண்ண நாடாக்களைத் தொங்கவிடுவதாகும். கம்புக் கொல்லையில் குருவி விரட்ட மினுக்கு நாடா கட்டுகிறோமே, அதே யுக்தி! ஜப்பானிய மீனவர்களே கண்டுபிடித்தது. அது பயன் தருகிறது என்று காட்டியது நோக்கரின் ஏடு.

நம் கரையில் நிலைமை

பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டன. மண்டபம் முகாமில் நெடுங்காலம் தலைமையிடம் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், மீன் இறங்கு துறைகளில் மாதிரி முறையில் பிடிப்புக் கணக்கெடுக்கும் வழியை வகுத்தது. பயிர் அறுவடைச் சோதனைக்கு இது உடன்பிறப்பு. எந்தத் துறை, எந்த நாள், எந்தப் படகு என்பதை முன்கூட்டியே குலுக்கித் தீர்மானித்துக்கொண்டு, அங்கே போய்க் கூடையை எண்ணுவார்கள்.

ஆனால் துறையில் எண்ணுவதற்கும் கடலில் எண்ணுவதற்கும் பெருத்த வேறுபாடு உண்டு. துறைக்கு வருவது விற்கக்கூடியது மட்டுமே. நடுக்கடலில் தூக்கி எறியப்பட்டது துறைக்கு வருவதில்லை. கடற்பசுவையும் ஆமையையும் யாரும் துறைக்குக் கொண்டுவரப் போவதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் கடற்பசு உள்ளது. அதைப் பிடிப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

கடற்பசுவை இக்கரையில் ஆவுளியா என்பார்கள். ஏறத்தாழ 3 மீட்டர் நீளம், 400 கிலோ எடை வரை வளரும் இப்பிராணி கடற்புல்லை மேய்ந்து வாழ்கிறது. மீனைப் போல் நீரில் மூச்சு விடாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வர வேண்டும். திருக்கை வலை போன்ற பெருங்கண்ணி வலையில் சிக்கிவிட்டால் மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் சாகிறது. கறவை மாட்டை ஒழுங்காகப் பராமரித்தால் 13 முதல் 15 மாதத்துக்கு ஒரு கன்று எடுக்கலாம். கடற்பசு முதல் கன்று ஈனவே 10 வயது அளவில் ஆகிறது. அதன் பிறகும் 3 முதல் 7 ஆண்டுக்கு ஒருமுறை ஒரே கன்றுதான். இத்தகைய மந்தையில் ஆண்டுக்கு நாலைந்து தாய்கள் வலையில் மாண்டாலும் ஈடு செய்வது கடினம். பாக் விரிகுடாவின் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. அப்போது சொல்லப்பட்ட எண்ணிக்கை ஏறத்தாழ 240. இவற்றில் எத்தனை வலையில் சாகின்றன என்பதே அறிய வேண்டிய முதற்கணக்கு.

அந்தக் கணக்கு ஏன் கிடைப்பதில்லை? விடை எளிது. பயம்! தற்செயலாகச் சிக்கிச் செத்த கடற்பசுவைப் பற்றி வாய் திறந்தால் வழக்கு வருமோ என்று மீனவர் அஞ்சுகிறார். இரவோடு இரவாக வலையை அறுத்து உடலைக் கடலில் விட்டுவிட்டு, கரையில் ஒன்றும் தெரியாதவர்போல் இருந்துவிடுகிறார். அவருக்கு வலை நட்டம். ஆராய்ச்சியாளருக்குக் கணக்கு நட்டம். எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்தக் கண்ணி வலையில் கடற்பசு மாளுகிறது என்று தெரியாதபோது, ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட வலையை இரண்டு மாதம் நிறுத்தினால் போதுமா என்று யாரால் சொல்ல முடியும்? கணக்கு இல்லாத இடத்தில் முழுக் கடலையும் அடைக்கும் தடையே பேசப்படும். அதில் முதலில் அடிபடுகிறவர் சிறு வல்லக்காரர்.

இந்தப் பயத்தை மாற்றும் முயற்சி நடந்து வருகிறது. இந்திய வனவிலங்கு நிறுவனம் 2016 முதல் நடத்திய கடற்பசு மீட்புத் திட்டத்தில் மீனவர்களே தன்னார்வலர்களாகச் சேர்ந்து, கண்ட கடற்பசுவையும் விடுவித்த கடற்பசுவையும் பதிவு செய்தார்கள். வலையை அறுத்துக் கடற்பசுவைக் காத்த மீனவர்களுக்கு வனத்துறை பணப்பரிசும் அளித்திருக்கிறது. மகாராஷ்டிர அரசு 2018 டிசம்பரில் ஒரு படி மேலே சென்றது. பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிப்பதற்காக வலையை அறுத்தவருக்கு ரூ.25,000 வரை இழப்பீடு என்று அறிவித்தது. படம் எடுத்துக் காட்ட வேண்டும் என்பதே நிபந்தனை. பதிவு இருந்தால் பணம், இல்லாவிட்டால் இல்லை. அறுவடைச் சோதனைக் கதைதான்.

இராமேசுவரம் கரைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 1974, 1976 உடன்படிக்கைகளின் எல்லைக் கோடு மிக அருகில் ஓடுகிறது. வலை எங்கே விழுந்தது என்று ஏட்டில் எழுதினால், அந்த ஏடு யார் கைக்குப் போகும் என்ற கேள்வி சம்மாட்டிக்கு எழுவது நியாயமே. படகின் பெயரும் இடக்குறிப்பும் வெளியே போகாது, கூட்டுத் தொகை மட்டுமே வெளியிடப்படும் என்ற உறுதியை முதலில் கொடுத்து, அதைக் காப்பாற்றாத எந்த நோக்கர் திட்டமும் இங்கே ஒரு பருவம் கூட ஓடாது.

ஓர் ஆமையை மறைத்தால்...

மாதிரிக் கணக்கின் பலவீனத்தையும் அறிந்திருத்தல் நலம். எடுத்துக்காட்டாக, ஒரு துறையிலிருந்து 500 படகுகள் செல்வதாகக் கொள்வோம். 25 படகில் நோக்கர் ஏறுகிறார். அதாவது நூற்றுக்கு ஐந்து. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையமும் 24 மீட்டர் மற்றும் அதற்கு மேல் நீளமுள்ள கப்பல்களுக்குக் குறைந்தது இந்த ஐந்து சதவீதத்தையே விதித்துள்ளது. அந்த 25 படகிலும் சேர்ந்து 2 ஆமை சிக்கினால், 500 படகுக்கு 40 ஆமை என்று கணக்கு வரும். ஓர் ஆமையை மறைத்தால் கணக்கில் 20 ஆமை மறைகிறது. மறைக்காமலே கணக்கு கெடவும் கூடும். நோக்கர் ஏறிய நாளில் மட்டும் படகை ஆமை இல்லாத பக்கம் ஓட்டுவது, வலையைச் சீக்கிரம் தூக்குவது போன்றவை உலகெங்கும் நடப்பவை. நல்ல வயலில் கயிறு பிடித்த கதையே இதுவும்.

நான்கு பேர் நிற்கவே இடம் போதாத வல்லத்தில் ஐந்தாவது ஆளை எங்கே உட்கார வைப்பது? பெருங்கப்பலுக்கு ஏற்பட்ட முறையை அப்படியே நாட்டுப் படகில் திணிப்பது வீண் வேலை. இங்கே பொருத்தமானது, படகில் எழுதத் தெரிந்த ஓர் இளைஞரைப் பழக்கி, அவரையே எழுத வைப்பதுதான். தொலைநோக்கியோடு ஒரு நாள் வந்து போகும் பட்டதாரியைவிட, வாடைக்காற்றிலும் கச்சான் காற்றிலும் ஆண்டு முழுதும் கடலில் நிற்பவரின் குறிப்பு எவ்வளவோ மேல்.

இறாலும் ஆமையும்

இதில் பணமும் கலந்திருக்கிறது. இழுவலையில் ஆமை தப்பும் அமைப்பு இல்லை என்ற காரணத்தால், இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை அமெரிக்கா 2019இல் நிறுத்தியது. பண்ணை இறாலுக்கு இந்தத் தடை இல்லை. ஓங்கில் முதலிய கடல் பாலூட்டிகள் வலையில் சாவதைப் பற்றிய மற்றொரு அமெரிக்க இறக்குமதி விதி 2026 ஜனவரியில் அமலுக்கு வந்தது. இத்தகைய விதிகள் எல்லாம் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: உங்கள் வலையில் எத்தனை சிக்கின, கணக்கு எங்கே?

ஆமை விலக்கும் கருவி என்பது மடிக்கு முன்னால் சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டம். இறால் கம்பிகளுக்கு இடையே நுழைந்து மடிக்குள் போகும். ஆமை சட்டத்தில் மோதி, வலையில் விட்டுள்ள வாசல் வழியாக வெளியேறும். அந்த வாசலில் மீனும் போய்விடுமே என்பது மீனவரின் கவலை. கவலைக்கு மறுமொழி சொற்பொழிவு அல்ல. உர மூட்டையை நம்ப வைக்கப் பக்கத்திலேயே உரமிடாத பாத்தி வைத்துக் காட்டுவதுபோல, ஒரே கடலில், ஒரே நாளில், கருவியுள்ள வலையையும் இல்லாத வலையையும் இழுத்து, இரண்டின் பிடிப்பையும் மீனவர் கண் முன்னே நோக்கர் எடை போட வேண்டும்.

ஆமையை இனம் காண்பதும் காப்பதும்

படகில் எழுதுபவர் முதலில் கற்க வேண்டியது இனம் காணுதல். முதுகோட்டின் நடு வரிசைக்கு இரு புறமும் உள்ள பெரிய தகடுகளை எண்ண வேண்டும். ஒரு பக்கத்துக்கு 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பங்குனி ஆமை. 5 இருந்து தலையும் பெருத்திருந்தால் பெருந்தலை ஆமை. 4 மட்டும் இருந்தால் பேராமையாகவோ அழுங்காமையாகவோ இருக்கும். அழுங்காமையின் தகடுகள் ஓட்டு வீட்டு ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். வாய் கிளி மூக்கைப்போல் கூராக வளைந்திருக்கும். தகடே இல்லாமல் தோல் போர்த்து, முதுகில் நீளவாக்கில் ஏழு வரம்பு ஓடினால் அது ஏழுவரி ஆமை. பெயர் ஊருக்கு ஊர் மாறுவதால், பெயர் தெரியாவிட்டாலும் தகட்டின் எண்ணிக்கையை எழுதிவிட வேண்டும். பெயரை ஊகித்து எழுதுவது கூடாது.

வலையில் வெகுநேரம் கிடந்த ஆமை அசைவற்றுக் கிடந்தால் செத்துவிட்டது என்று உடனே கடலில் எறியக்கூடாது. அது மயக்கமாகவும் இருக்கலாம். அந்நிலையில் எறிந்தால் மூழ்கிச் சாகும். அதை மல்லாத்தாமல், வயிறு கீழே இருக்கும்படி நிழலில் வைத்து, பின்புறத்தை ஒரு சாண் அளவு உயர்த்த வேண்டும். நுரையீரலில் புகுந்த நீர் வடியும். உடம்பின்மேல் ஈரத் துணி போட்டு வைக்க வேண்டும், மூக்கை மூடக்கூடாது. தண்ணீர்த் தொட்டியில் இடுவதும் தவறு. தெளிவதற்கு நாலு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். தெளிந்ததும், என்ஜின் விசிறி சுழலாத நிலையில், வலை நீரில் இல்லாதபோது, படகின் பின்புறத்திலிருந்து மெதுவாக இறக்கிவிட வேண்டும். கடற்பசுவுக்கு இவ்வளவு அவகாசம் கிடையாது. சிக்கியது கண்ணில் பட்ட மாத்திரத்தில் அதன் மூக்கு நீருக்கு மேலே வரும்படி வலையைத் தூக்கி, சுற்றியுள்ள கண்ணியை அறுத்துவிட வேண்டும். படகுக்குள் ஏற்ற முயல்வது ஆளுக்கும் ஆபத்து, பிராணிக்கும் ஆபத்து.

இப்பணிக்குச் செல்வோர் அறிய

வெளிநாட்டுக் கப்பல்களின் நோக்கர் பணிக்குப் பெரும்பாலும் உயிரியல் அல்லது மீன்வளப் பட்டம் கேட்கப்படுகிறது. 1977இல் தோன்றிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி இத்துறையில் பட்டப் படிப்பு நடத்துகிறது. கடல் ஒவ்வாமை, தூக்கமின்மை, தனிமை மூன்றையும் தாங்க வேண்டும். தான் எழுதுவதை விரும்பாதவர்களோடு ஒரே கப்பலில் உண்டு உறங்க வேண்டியிருப்பதே இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது. 2015 செப்டம்பரில் பெரு நாட்டுக்கு மேற்கே, பசிபிக் கடலில், மீன் மாற்றும் கப்பலில் பணியிலிருந்த அமெரிக்க நோக்கர் ஒருவர் பட்டப்பகலில் காணாமற்போனார். அதற்குப் பின்பே, நோக்கர் தாமாகவே செய்தி அனுப்பத்தக்க செயற்கைக்கோள் கருவியை உடன் வைத்திருக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. சம்பளத்தை விசாரிக்கும் முன் இந்தக் கருவி உண்டா என்று விசாரிப்பது நல்லது.

உள்ளூர்ப் படகில் குறிப்பு எழுதுவதற்குப் பட்டம் தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும். பேனா மை உப்பு நீரில் கலைந்துவிடும். நோட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்க வேண்டும். ஆழத்தைப் பாகக் கணக்கில் எழுதினாலும் தவறில்லை. ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர். வலை இழுத்த உடனே எழுத வேண்டும். கரைக்கு வந்து நினைவிலிருந்து எழுதியது பாதிக்குப் பாதி பிழையாகும். செத்த பிராணியாயின் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு முழக்கோலையோ துடுப்பையோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். கடற்பசு, ஆமை, ஓங்கில் பற்றிய செய்திகளை இராமநாதபுரத்திலுள்ள மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்திலோ, மண்டபம், இராமேசுவரம் மீன்துறை அலுவலகங்களிலோ தெரிவிக்கலாம்.